மார்கழி விலாசம்

சிவரஞ்சினிக்குப் பொய் சொல்ல வராது. இதைக் கேட்டதும் நல்ல குணம்தானே என்று தலையாட்டுகிறவர்கள் அவளோடு ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்து பார்க்கவேண்டும். அவளுடைய கணவன் குணசிங்கம் மூன்று வருடமாக இருந்து பார்த்திருக்கிறான்.

ஒருநாள் தமிழ்ச் சங்கத்துச் சூசைரட்ணம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் அடிக்க ஆள் சேர்க்கத்தான் எடுக்கிறார் என்பது குணசிங்கத்துக்குத் தெரியும். விடியற்காலையிலிருந்து பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் சோபாவில் சாய்ந்திருந்தான். இரண்டு கையையும் விரித்து, தலையையும் ஆட்டி, தான் வீட்டில் இல்லை என்று, தொலைபேசியைக் காதில் வைத்திருந்த மனைவிக்குச் சைகை காட்டினான். சிவரஞ்சினி அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நிக்கிறார் அண்ணை. ஆனா இல்லையெண்டு சொல்லட்டாம்."

சூசைரட்ணம் சிரித்த சிரிப்பு சோபாவரைக்கும் கேட்டது. அடுத்த கிழமையே கதை, ஒஸ்லோவில் அவர்கள் இருந்த குரோருட் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. குணசிங்கத்தைக் கண்டவர்களெல்லாம், "என்ன தம்பி, நிக்கிறீரோ இல்லையோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கூடாரத்தையும் கடைசியில் அவன்தான் அடித்தான்.

அவளை வெடுக்கென்று பேசுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். அங்கே ஒரு நோர்வேக் கிழவி தினமும், "இன்றைக்கு என் மகன் வருவானா?" என்று கேட்பாள். மற்றவர்கள் வருவான் வருவான் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். சிவரஞ்சினி மட்டும், "எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று மணிவரை நான் இருப்பேன்" என்பாள். அந்தக் கிழவி அவள் கையால் கொடுத்தால்தான் மருந்து குடிக்கிறாள் என்று, கூட வேலை செய்யும் புளோறன்ஸ் ஒருமுறை குணசிங்கத்திடம் சொன்னாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பெருமையை வாயால் சொல்கிற பழக்கம் அவனுடைய பரம்பரையிலேயே இல்லை. அன்று இரவு சாப்பிட்ட கோப்பைகளை அவனே கழுவி வைத்தான்.

இப்படிப்பட்ட ஒரு பெண்ணோடு வாழ்வதில் ஒரேயொரு சங்கடம் உண்டு. பதிலைத் தாங்கமுடியாது என்று தோன்றும் கேள்வியை அவளிடம் கேட்கவே கூடாது. குணசிங்கத்திடம் அப்படி ஒரு கேள்வி இருந்தது. அவளைவிட அவன் பத்து வயது மூத்தவன். கலியாணம் பேசும்போது ஊருக்கு அனுப்பிய படத்தில் இருந்த தலைமயிரில் பாதி, நேரில் போய் நின்றபோது இல்லை. என்னைப் பிடித்துத்தான் வந்தீரா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. வேறு ஒருத்தி என்றால் கேட்டிருப்பான். ஓம் என்று பதில் வரும், நிம்மதியாகப் படுக்கலாம். இவளிடம் கேட்டால் உண்மையல்லவா வந்து தொலைக்கும்!

2007ஆம் ஆண்டு தொடக்கத்தில், பொலிஸ் நிலையத்தின் வெளிநாட்டவர் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. சிவரஞ்சினி நோர்வேக்கு வந்து மூன்று வருடம் முடிந்ததால், நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தாள். கணவனோடு வாழ வந்தவள் கணவனோடுதான் வாழ்ந்தாள் என்று தெரிந்தால் கொடுப்பார்கள். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. இருவரும் நேர்முகத்துக்கு வரவேண்டும், திருமண வாழ்க்கையைக் காட்டும் ஆவணங்களைக் கொண்டுவரவேண்டும் என்றிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: நாட்டுக்கு வந்த ஆரம்பக் காலத்தில் மனைவியின் விலாசம் லோறென்ஸ்கூக் என்றும் கணவனின் விலாசம் குரோருட் என்றும் பதிவாகியிருப்பது ஏன் என்று விளக்கவேண்டும்.

குணசிங்கம் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான். போலிக் கலியாணம் என்று முடிவெடுத்தால் நிரந்தரம் கிடைக்காது, இருக்கிற அனுமதியும் போகலாம். அவளுடைய ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையை மூடி அரை வருடமாகியிருந்தது. சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. அவளை எங்கே அனுப்புவார்கள், அவள் எப்படி வீடு போய்ச் சேருவாள்?

ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருந்த அந்த விலாசம் அவனுடைய அக்கா மங்களேஸ்வரியின் வீடு. அது எப்படிப் பதிவில் ஏறியது என்று சொன்னால் நம்மவர்கள் சிரிப்பார்கள், வெள்ளைக்காரர்களுக்குத் தலை சுற்றும்.

போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் குணசிங்கம் பஸ் கொம்பனியில் கிடைத்த விடுமுறையில் ஊருக்குப் போய் எழுத்தை முடித்துக்கொண்டு திரும்பினான். பதிவுக் கலியாணத்தை யாழ்ப்பாணத்தில் எழுத்து என்போம். எழுத்து முடிந்தால் அரசாங்கத்துக்கு அவர்கள் புருஷன் பெண்சாதி. சொந்தக்காரருக்கு இல்லை. தாலி ஏறும்வரை பெண் பெண்ணுடைய வீட்டில், மாப்பிள்ளை மாப்பிள்ளையுடைய வீட்டில். தாலிகட்டை ஒஸ்லோவில், அவள் வந்த கையோடு வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. விசாவோ ஆடி அசைந்து, சரியாக மார்கழி பிறந்த கிழமையில் வந்து நின்றது.

மார்கழியில் தாலி கட்டுவதா? மங்களேஸ்வரி அக்கா உயிரோடு இருக்கும்வரை நடக்காது. தாலி கட்டாத பெண்ணைத் தம்பியின் வீட்டில் விடுவதா? அதுவும் நடக்காது. ஆகவே விமான நிலையத்திலிருந்து சிவரஞ்சினியைத் தன் காரில் ஏற்றி நேரே லோறென்ஸ்கூக்குக்குக் கொண்டுபோனார். தையில் நாள் பார்த்து, பெப்ரவரியில் கொட்டும் பனியில் மண்டபத்தில் தாலி கட்டும்வரை பெண் அங்கேதான் இருந்தாள். அக்கா சட்டத்துக்கும் பயந்தவர். இந்த நாட்டில் எங்கே குடியிருக்கிறோமோ அங்கே பதியவேண்டும் என்று யாரோ சொல்ல, வந்த கிழமையே அவளைக் கையோடு கூட்டிப்போய் தன் வீட்டு விலாசத்தில் பதிந்துவிட்டார். சாத்திரத்துக்கும் குறை வைக்கவில்லை, சட்டத்துக்கும் குறை வைக்கவில்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்து தம்பியை நன்றாக மாட்டிவிட்டார்.

அந்த நாட்களில் குணசிங்கம் வேலை முடிந்ததும் தினமும் லோறென்ஸ்கூக் போவான். கையில் ஒரு பை தோடம்பழம் இருக்கும். வரவேற்பறையில் அவன் ஒரு மூலை, சிவரஞ்சினி மறு மூலை, நடுவில் அக்கா. ஊர்ப் புதினம், பனி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் மூவருமாகக் கதைத்து முடித்ததும் தேத்தண்ணி வரும், அதைக் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பான். சட்டப்படி தன்னுடைய மனைவியை, அக்காவின் முழங்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன மனிதன் ஒஸ்லோவில் அந்தக் குளிர்காலத்தில் அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குரோருட்டுக்கு வந்து இறங்கினார். மங்களேஸ்வரியைப் பற்றிக் குறைவாக நினைக்க வேண்டாம். லோறென்ஸ்கூக் தமிழரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பிளாஸ்ரிக் உறைகளை வரிசையாகப் பரப்பினார். எழுத்துச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் ஒன்றில். வீட்டுக் கடன் பத்திரத்தில் இரண்டு பேரும் வைத்த கையெழுத்து இன்னொன்றில். காப்புறுதி, வங்கிக் கணக்கு, இருவர் பெயரையும் போட்டு வந்த வாழ்த்து அட்டைகள், சிவரஞ்சினிக்குக் காய்ச்சல் வந்தபோது குணசிங்கம் வேலைக்கு லீவு போட்ட கடிதம்கூட இருந்தது. அதை அவர் எங்கிருந்து தேடி எடுத்தாரோ!

எல்லாம் அடுக்கி முடிந்ததும் கலியாண அல்பத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார்.

"இது நான் கொண்டுபோறன். இதை அவங்கட கண்ணிலை காட்டப்படாது."

"ஏனக்கா?" என்றான் குணசிங்கம்.

"எழுத்து மே மாசம் யாழ்ப்பாணத்திலை. தாலி அடுத்த வருசம் பெப்ரவரி ஒஸ்லோவிலை. பார்க்கிறவன் ரெண்டு கலியாணம் எண்டெல்லோ நினைப்பான்? இடையிலை எங்கை இருந்தவ எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்? எழுத்துப் படத்தைக் காட்டு, அதுவே காணும்."

எழுத்துப் படத்தில் குணசிங்கமும் சிவரஞ்சினியும் பதிவுகாரரின் மேசைக்குப் பின்னால், பல்லுப் பிடுங்க வந்தவர்களைப்போல நின்றார்கள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிவரஞ்சினி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மச்சாள், நாங்கள் கலியாணம் கட்டினது உண்மையெண்டு காட்டத்தானே போறம்? கலியாணப் படத்தை ஒளிச்சுப்போட்டோ?"

"அது எங்களுக்குக் கலியாணம் பிள்ளை. அவங்களுக்கு எழுத்துத்தான் கலியாணம்."

பிறகு அக்கா பாடம் சொல்லிக்கொடுத்தார். பதில் சின்னதுதான். வந்த நாள் தொடக்கம் சிவரஞ்சினி குரோருட்டில் கணவனோடுதான் இருந்தாள். பதியப்போன அன்றைக்கு மச்சாள்தான் அவசரத்தில் மாறித் தன்னுடைய விலாசத்தை எழுதிவிட்டார். "பழியை என்ர தலையிலை போடுங்கோ. மொக்கு மனிசி, மாறி எழுதிப்போட்டா எண்டு சொல்லுங்கோ. எனக்கு ஒரு வெக்கமுமில்லை" என்றார். விண்ணப்பம் நிரப்புவதில் தனக்கு ஒரு பிழை வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷிதான் இப்படிச் சொன்னார்.

அவனை மூன்று தரம் சொல்லவைத்தார். அவன் மூன்று தரமும் பிசகாமல் சொன்னான். அடுத்து சிவரஞ்சினியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீர் சொல்லும், பார்ப்பம்."

"எனக்கு அது வருமோ தெரியாது மச்சாள்."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "என்ன பிள்ளை உப்பிடிச் சொல்லுறீர்? உம்மைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்களெண்டா நான் எந்த முகத்தோடை உம்மட அம்மாவோடை கதைக்கிறது? நான் கொண்டுபோய் வைச்சிருந்தபடியால்தானே இவ்வளவும்!"

சிவரஞ்சினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்கா அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அல்பத்தோடு போய்விட்டார். குணசிங்கத்துக்குத்தான் அது என்ன மௌனம் என்று பிடிபடவில்லை.

நேர்முகத்துக்குப் போகிற காலை, நிலக்கீழ் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அவள் மடியில் பிளாஸ்ரிக் உறைகள்.

"கேட்டா என்ன சொல்லப்போறீர்?" என்றான்.

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுவன்."

என்ன பதில் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அக்கா சொன்னதைச் சொல்லமாட்டேன் என்றால் ரயிலில் வைத்து வாக்குவாதப்படவேண்டும். சரி சொல்கிறேன் என்றால் அது இன்னும் மோசம். தன்னுடைய வீட்டுக்கு வந்ததால் இவள் பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்றாகிவிடும். அதை அவனால் தாங்க ஏலாது. குணசிங்கம் வழக்கம்போலக் கேள்வியை விழுங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பொலிஸ் நிலையத்தில் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளராக வந்த இளம்பெண், "வணக்கங்க, உள்ள போலாங்களா?" என்றாள். தமிழ்நாட்டுப் பிள்ளை. சிவரஞ்சினி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பயந்த பார்வை இல்லை. கடைக்குப் போகும்போது பால் இருக்கிறதா என்று கேட்கிற பார்வைதான்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்து அவனைக் கூப்பிட்டார்கள். அவள் அங்கே இல்லை. வேறு அறையில் காத்திருக்கிறாள் என்றார் அதிகாரி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. குணசிங்கத்தின் நோர்வே மொழி பதினெட்டு வருடப் பழக்கம், அவனுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. யார் சமைப்பது, யார் முதலில் எழும்புவது, மனைவிக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் சொன்னான். அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. குளிரில் அவளுக்கு முதலில் விறைப்பது இடது கைதான். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள், அலுமாரியை ஒழுங்குபடுத்துவாள். இவ்வளவும் தனக்குத் தெரியும் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி ஒரு தாளைத் திருப்பினார். "உங்கள் மனைவி டிசம்பரில் வந்தார். அன்றிலிருந்து பெப்ரவரிவரை அவர் எங்கே இருந்தார்?"

அக்கா சொல்லிக்கொடுத்த பதில் நாக்கில் தயாராக நின்றது. குரோருட்டில், என்னோடு. இரண்டு சொல்லுத்தான். சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் இதே நாற்காலியில் இருந்து சிவரஞ்சினி என்ன சொன்னாள்? அவள் உண்மையைச் சொல்லியிருந்து இவன் பாடத்தை ஒப்புவித்தால், இவன் பொய்யன். அவள் பாடத்தைச் சொல்லியிருந்து இவன் உண்மையைச் சொன்னால், அவள் பொய்க்காரி. எப்படிப் பார்த்தாலும் இரண்டு வாய் இரண்டு கதை சொன்னால் அவளுடைய அனுமதி போய்விடும். அக்கா அழுதது அவன் கண்முன்னே வந்தது. சிவரஞ்சினி அக்காவின் முதுகைத் தடவியதும் வந்தது. அந்த மனுஷிக்காக இரங்கி, ஒரேயொரு தரம், போனால் போகிறதென்று அவள் சொல்லியிருந்தால்? எத்தனை பெண்கள் புருஷன் வீட்டாருக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்!

குணசிங்கம் தன் மனைவியை மனதில் அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தான். எவ்வளவு முயன்றும் அவள் வாயில் அந்தப் பொய் வரவில்லை. அக்காவுக்காக வரவில்லை. அவளுக்காகவே வரவில்லை. கடைசியில், எனக்காகச் சொல்லியிருப்பாளோ என்று நினைத்துப் பார்த்தான். எனக்காகவும் சொல்லமாட்டாள். வேறு யாருக்காவது இப்படித் தோன்றியிருந்தால் நெஞ்சு வலித்திருக்கும். குணசிங்கத்துக்கு வலிக்கவில்லை. இப்படி ஒருத்தி எனக்கு வந்து வாய்த்தாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

"லோறென்ஸ்கூக்கில் இருந்தாள். என் அக்கா வீட்டில்" என்றான்.

"ஏன்?"

ஏன் என்று சொல்வதற்கு நோர்வே மொழியில் சொற்கள் பஞ்சமாயிருந்தன. எழுத்துக்கு ஒரு சொல் இல்லை. தாலிக்கு இல்லை. மார்கழிக்கு இருக்கவே முடியாது. அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். "நாங்கள் முதலில் எழுதுவோம். பிறகுதான் கலியாணம். டிசம்பர் நடுவில் எங்களுக்கு ஒரு மாதம் பிறக்கும். அது கடவுளுடைய மாதம். அதில் மனிதர்கள் தங்களுக்கென்று நல்ல காரியம் எதுவும் தொடங்கமாட்டார்கள். அடுத்த மாதம் நாள் பார்த்துத் தாலி கட்டினோம். கட்டின அன்றைக்குத்தான் என் வீட்டுக்கு வந்தாள்."

"ஆனால் நீங்கள் ஏற்கெனவே மணமானவர்கள்."

"உங்களுக்கு ஓம். என் அக்காவுக்கு இல்லை."

"உங்களுக்கு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எனக்கு ஓம். அதனால்தான் தினமும் போனேன். அக்கா நடுவில் இருப்பார். பார்த்துவிட்டு வருவேன்."

"உங்களோடு வந்துவிடும்படி மனைவியைக் கேட்டீர்களா?"

"இல்லை."

"ஏன் கேட்கவில்லை?"

"பயம்."

"சகோதரிக்கா?"

"அவருக்கும்தான்" என்றான் குணசிங்கம்.

அதிகாரி எழுதுவதை ஒரு கணம் நிறுத்தி அவனைப் பார்த்தார். பிறகு கலியாணத்துக்குப் படம் எடுக்கவில்லையா என்று கேட்டார். எடுத்தோம், அக்கா கொண்டுபோய்விட்டார் என்றான். ஏன் என்று கேட்டதற்கும், வெட்கத்தோடு, உள்ளதைச் சொன்னான். தொடங்கிவிட்டால் உண்மை சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அல்பத்தை அந்த வாரத்துக்குள் கொண்டுவந்து காட்டும்படி அதிகாரி சொன்னார். முடிவு தபாலில் வரும் என்றார். அவருடைய முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடிவை நாம் இப்போதே சொல்லிவிடலாம், யாரையும் காக்கவைப்பதில் ஒரு இலாபமுமில்லை. வசந்தம் தொடங்குகிற நாளில் நிரந்தர அனுமதி வந்தது. தான் உறைகளை அடுக்கிய அடுக்கில்தான் கிடைத்தது என்று மங்களேஸ்வரி அக்கா இன்றைக்கும் சொல்கிறார். அதில் பாதி உண்மை இருப்பதால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் அன்றைக்குப் பொலிஸ் நிலையத்தைவிட்டு வெளியே வந்த இரண்டு பேருக்கும் இது தெரியாது.

 ரயிலில் இடம் பிடித்து இருந்த பிறகுதான் குணசிங்கம் வாயைத் திறந்தான்.

"நான் உள்ளதைத்தான் சொன்னனான். லோறென்ஸ்கூக் எண்டு."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்? நான் அக்கா சொல்லித்தந்ததை மூண்டுதரம் பாடமாக்கினதை நீரும் கேட்டனீர்தானே?"

"கேட்டனான். வடிவாச் சொன்னனீங்கள். ஆனா அங்கை போய் அதைச் சொல்லமாட்டியள் எண்டு நினைச்சனான்." தன்னைப் பற்றி அவள் இப்படி நினைப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "அந்தத் தமிழ்நாட்டுப் பிள்ளைதான் பாவம். எழுத்து முடிஞ்சுது எண்டு சொல்ல, எந்த எழுத்துங்க, கடுதாசியாங்க எண்டு கேக்குது. அதுக்கு விளங்கப்படுத்தி, பிறகு அது மற்ற மனிசிக்கு விளங்கப்படுத்தி. மார்கழியை நல்லா விளங்கிக்கொண்டுது. தங்கட ஊரிலையும் கலியாணம் இல்லையாம்."

குணசிங்கத்தின் தொலைபேசி அடித்தது. அக்கா. பாடம் ஒப்புவித்தாயிற்றா என்று கேட்கத்தான். அவன் எடுக்கவில்லை. சிவரஞ்சினி எடுத்தால் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொல்லிவிடுவாள் என்பதால் அவளிடமும் கொடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"அந்த மனிசி கடைசியா ஒண்டு கேட்டவ" என்றாள் சிவரஞ்சினி.

"என்ன?"

"அந்த நாளையிலை உங்கட மனிசன் தன்னோடை வாரும் எண்டு கூப்பிட்டிருந்தா, போயிருப்பியளோ எண்டு."

ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடியது. கேட்பதா விடுவதா என்று குணசிங்கம் தவித்தான். இந்த மூன்று வருடமும் எந்தக் கேள்விக்குப் பயந்து அவன் ஒதுங்கித் திரிந்தானோ அது இப்போது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் வாயால் கேட்கப்பட்டு, பதிலும் சொல்லப்பட்டு, அரசாங்கக் கோப்பிலும் ஏறிவிட்டது. இனி ஒளிய இடமில்லை.

"நீர் என்ன சொன்னனீர்?" என்றான். அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவள் தலையைக் குனியவில்லை. நேரே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போயிருப்பன் எண்டு சொன்னனான். மார்கழியும் பார்த்திருக்கமாட்டன், மச்சாளையும் பார்த்திருக்கமாட்டன். அண்டைக்கே போயிருப்பன் எண்டு சொன்னனான்."

குணசிங்கம் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

"நீங்கள்தான் ஒருநாளும் கூப்பிடேல்லை" என்றாள் சிவரஞ்சினி.

அதில் குறையில்லை, கோபமில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். குணசிங்கம் அவள் மடியிலிருந்த உறைகளையெல்லாம் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தான். வெளியிடத்தில், நாலு பேர் பார்க்க, அவள் கையைத் தொட்டறியாத மனிதன் அன்றைக்கு அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். எதிரே இரண்டு தமிழர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவரை அவனுக்கு நன்றாகவே தெரியும். அவன் கையை எடுக்கவில்லை.